ஒரே தொலைக்காட்சி, இரண்டு நிகழ்ச்சிகள்: திருச்சபைக் குற்றங்களை ஊடகம் எழுதும் விதம்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

திருச்சபைக்குள் நடந்த பாலியல் குற்றங்களைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இங்கே இரண்டு குரல்கள்தான் எழுகின்றன. ‘கிறிஸ்தவர்களை ஊடகம் குறிவைக்கிறது’ என்பது ஒன்று. ‘எழுதியது போதாது, இன்னும் எழுதுங்கள்’ என்பது மற்றொன்று. நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் வேலையில் இருக்கும் எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ செய்த இரண்டு காரியங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

1999இல் மேரி ராஃப்டரி என்ற செய்தியாளர் மூன்று பகுதிகள் கொண்ட ஓர் ஆவணத் தொடரைத் தயாரித்தார். அரசுப் பணத்தில் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் குழந்தைகள் பட்ட அடியும் பசியும் பாலியல் கொடுமையும் அதன் பொருள். கடைசிப் பகுதி ஒளிபரப்பான மே 11 அன்றே பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் அமைந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2009 மே மாதம், அதன் ரையன் அறிக்கை வெளிவந்தபோது தொடரில் சொன்னதைவிட நிலைமை மோசமாக இருந்தது தெரிந்தது.

அதே ஆர்டிஇ 2011 மே 23 அன்று, வெளிநாடுகளில் பணியாற்றிய அயர்லாந்து மறைப்பணியாளர்களின் குற்றங்களைப் பற்றி ஒரு புலனாய்வு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. கால்வே மாவட்டத்தின் அஹாஸ்கிரா பங்குத்தந்தை (பங்கு என்பது ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த மக்களும்) கெவின் ரெனால்ட்ஸ், கென்யாவில் இருந்தபோது ஒரு சிறுமியைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார், அவளுக்குப் பிறந்த குழந்தைக்கு அவரே தந்தை என்று அதில் சொன்னார்கள். சிறுவர்கள் முதன்முதலில் நற்கருணை பெறும் புதுநன்மைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தவரை கேமராவோடு மறித்துக் கேள்வி கேட்டிருந்தார்கள். அவர் மறுத்தார். மரபணுச் சோதனைக்குத் தயார் என்று ஒளிபரப்புக்கு முன்பே தெரிவித்தார். சோதனைக்குக் காத்திராமல் நிகழ்ச்சி போனது. அவர் பங்கையும் வீட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு நடந்த சோதனைகள் அவர் தந்தை இல்லை என்று காட்டின. ஆர்டிஇ மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தது. 2012இல் ஒளிபரப்பு ஆணையம் 200,000 யூரோ அபராதம் விதித்தது.

ஆர்டிஇக்குத் திருச்சபை மீது வெறுப்பு என்று விளக்கம் சொல்லலாம். அப்படியென்றால் அந்த வெறுப்பு 1999இலும் இருந்திருக்க வேண்டுமே? அப்போது தொடர் சொன்னதை ஏன் விசாரணை ஆணையமே உறுதிப்படுத்தியது? என் கணக்கில் வேறுபாடு மனப்பான்மையில் இல்லை, வேலையில் இருக்கிறது. சில வாரங்கள் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் ஒரு சோதனை முடிவுக்காக அவர்கள் பொறுக்கவில்லை. இதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

முத்துநகர்ச் செல்வி

அண்ணா, நீங்கள் எடுத்துக்கொண்ட வழக்கு நல்லது. ஆனால் நீங்கள் பேசுவது தவறான செய்தியைப் பற்றி மட்டும். எனக்கு வலிப்பது சரியான செய்தியிலும் கூட வரும் ஒட்டுவேலை.

ஒரு பாதிரியார் கைதானார் என்ற செய்திக்கு என்ன படம் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஜெபமாலை சுற்றிய கை. இருட்டில் ஒரு சிலுவை. பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவுக் கூண்டின் வலைக்கம்பி. குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர். படத்தில் இருப்பதோ நாங்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் பொருள். மருத்துவர் ஒருவர் கைதானால் ஸ்டெதஸ்கோப்பை இருட்டில் தொங்கவிட்டுப் படம் போடுவார்களா?

அடுத்தது, விவாத நிகழ்ச்சி. தலைப்பு ஒரு வழக்கைப் பற்றி இருக்கும். பத்து நிமிடத்தில் துறவு தேவையா, பாவசங்கீர்த்தனம் எதற்கு, கன்னிமரியாள் என்றெல்லாம் போய்விடும். பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பற்றிப் பேசும் ஆளே இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் இரண்டு பேர் துறவறத்தில் இருக்கிறார்கள். குற்றவாளியைத் தண்டியுங்கள் என்று முதலில் சொல்வது நாங்கள்தான். என் விசுவாசத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

---

எதிர்க்காற்று

செல்வி அக்கா, படத்தைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அது சோம்பேறித்தனம்.

ஆனால் ‘நியாயமாக எழுதுங்கள்’ என்ற வேண்டுகோளைத் திருச்சபைத் தலைவர்களே எப்படிச் செலவழித்துத் தீர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். 1992இல் மாசசூசெட்ஸில் ஜேம்ஸ் போர்ட்டர் என்ற முன்னாள் பாதிரியாரின் குற்றங்களைப் பத்திரிகைகள் எழுதியபோது பாஸ்டன் கர்தினால் பெர்னார்ட் லா, ஊடகங்கள் மீது, அதிலும் குறிப்பாக ‘பாஸ்டன் குளோப்’ மீது, கடவுளின் வல்லமை இறங்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பத்தாண்டுகள் கழித்து என்ன தெரிந்தது? அதே கர்தினாலின் மறைமாவட்டத்தில் (அவர் பொறுப்பில் இருந்த திருச்சபைப் பகுதியில்) ஜான் கேகன் என்ற குரு பங்குக்குப் பங்கு மாற்றப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 130க்கும் மேற்பட்டோர் அவர் மீது புகார் சொல்லியிருந்தார்கள். 2002 ஜனவரி 6 அன்று குளோப் அதை எழுதியது. டிசம்பரில் லா பதவி விலகினார். பிறகு ரோமில் ஒரு பேராலயத்தின் தலைமைக் குருவாக அமர்த்தப்பட்டார், இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

2010 ஈஸ்டர் அன்று புனித பேதுரு சதுக்கத்தில் கர்தினால் சொடானோ இந்தச் செய்திகளையெல்லாம் அற்ப வம்பளப்பு என்ற பொருளில் பேசினார். 2018 ஜனவரியில் சிலியில் திருத்தந்தை பிரான்சிஸே, ஆயர் பாரோஸ் மீதான குற்றச்சாட்டுகள் அவதூறு என்றார். ஏப்ரலில், தாம் பெரிய தவறுகள் செய்துவிட்டதாகச் சிலி ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார்.

இத்தனை முறை ‘அவதூறு’ என்று கத்திவிட்டு, உண்மையிலேயே அவதூறு நடக்கும்போது யார் நம்புவார்கள்? கெவின் ரெனால்ட்ஸ் மறுத்தபோது எவரும் காது கொடுக்காததற்கு ஆர்டிஇ மட்டும் காரணமா?

---

கொற்கைத்துறை

எல்லா மதத்திலும் நடக்கிறது, எல்லாத் துறையிலும் நடக்கிறது. அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களில் நூறு மடங்கு அதிகம் என்று ஆய்வே இருக்கிறது. அதை ஏன் எவனும் எழுதுவதில்லை? திட்டமிட்ட சதி.

---

வைகைக்கரை

கொற்கைத்துறை ஐயா, நீங்கள் சொல்வது 2004இல் சரோல் ஷேக்‌ஷாஃப்ட் அமெரிக்கக் கல்வித் துறைக்காகத் தொகுத்த அறிக்கையாக இருக்க வேண்டும். மாணவர்களில் 9.6 விழுக்காட்டினர் பள்ளிப் பணியாளர்களின் பாலியல் முறைகேட்டைச் சந்தித்ததாக அதில் வருகிறது. அந்த எண்ணில் ஆபாசப் பேச்சும் பார்வையும் அடக்கம். பக்கத்தில் வைக்கப்படும் திருச்சபை எண் வேறு வகையானது: அதே 2004இல் ஜான் ஜே கல்லூரி, அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி, மறைமாவட்டக் கோப்புகளைத் திரட்டிக் கணக்கெடுத்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள் மீது குற்றச்சாட்டு. பணியில் இருந்தோரில் சுமார் 4 விழுக்காடு. ஒன்று மாணவர்களிடம் கேட்ட ஆய்வு, மற்றது குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை. இரண்டையும் வகுத்துப் பெருக்கி ‘நூறு மடங்கு’ என்று சொல்ல வழியே இல்லை.

ஆனால் அந்த 4 விழுக்காடு இன்னொரு பக்கமும் பேசுகிறது. மீதி 96 விழுக்காட்டினர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அதைச் செய்தியில் ஒரு வரியாகச் சேர்ப்பதற்கு எந்தப் பத்திரிகைக்கும் இடப் பஞ்சம் இல்லை. என் மேசைக்கு வரும் ஏஜென்சி செய்திகளில் அந்த வரியை அரிதாகத்தான் பார்க்கிறேன்.

---

எதிர்க்காற்று

பதிவாகவில்லை என்பதுதான் சரியான சொல். கோப்புகளை வைத்திருந்தவர்களே கொடுத்த கணக்கு அது.

---

சாமுவேல் நாசரேத்

நான் சிஎஸ்ஐ, தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவன். எங்கள் பக்கம் ஊடகம் எட்டிப்பார்ப்பதே இல்லை என்பது என் புகார். கேட்க விசித்திரமாக இருக்கும், தெரிந்துதான் சொல்கிறேன்.

பாதிரியார் என்றாலே அங்கி அணிந்த, திருமணமாகாத ஒரு கத்தோலிக்கர் என்று செய்தியாளர் மனத்தில் ஒரு சித்திரம் விழுந்துவிட்டது. அதனால் குடும்பத்தோடு வாழும் போதகர் கண்காணிப்பிலிருந்து தப்பிவிடுகிறார். அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்டுகளைப் பற்றி ஒரு முழுமையான விசாரணை 2019 பிப்ரவரியில்தான் வந்தது. பாஸ்டனுக்குப் பதினேழு ஆண்டுகள் பிந்தி. ‘ஹூஸ்டன் குரோனிக்கிள்’, ‘சான் அன்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸ்’ இரண்டும் சேர்ந்து, இருபது ஆண்டுகளில் சுமார் 380 தலைவர்களும் தன்னார்வலர்களும், 700க்கு மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்களும் என்று நீதிமன்ற ஆவணங்களிலிருந்து பட்டியல் எடுத்தன. சபைகள் ஒவ்வொன்றும் தன்னாட்சி உடையவை, எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று தலைமை அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர் கிறிஸ்தவ முகாம்களுக்கு வந்த சிறுவர்களைக் கண்மண் தெரியாமல் அடித்த விவகாரம் 1980களிலேயே சிலருக்குத் தெரியும். சேனல் 4 அதை வெளிக்கொணர்ந்தது 2017இல். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அதன் காரணமாகப் பதவி விலகியது 2024 நவம்பரில். ஸ்மித் 2018இலேயே இறந்துவிட்டார். நீதிமன்றம் அவரைப் பார்க்கவேயில்லை.

எனவே ‘எங்களை மட்டும் எழுதுகிறார்கள்’ என்று கத்தோலிக்க நண்பர்கள் வருத்தப்பட்டால் எனக்குப் புரிகிறது. எழுதப்படாத சபையில் பிள்ளைகளை வைத்திருப்பவன் வருத்தம் வேறு.

---

கால்வே சாந்தி

நாகர்கோவிலிலிருந்து வந்து இந்த ஊரில் செவிலியாக இருக்கிறேன். டியூம் என்ற ஊரைப் பற்றி இந்த இழையில் யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன், பேசவில்லை. எங்கள் ஊரிலிருந்து அரை மணிநேரத் தொலைவு.

1925 முதல் 1961 வரை அங்கே திருமணமாகாத தாய்மார்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. நடத்தியவர்கள் போன் செக்கூர் சகோதரிகள். கட்டடம் மாவட்ட மன்றத்தின் சொத்து, பணம் அரசுடையது. இதைப் பாதிச் செய்திகள் சொல்வதே இல்லை. கேத்தரின் கார்லஸ் என்ற உள்ளூர் பெண்மணி, எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் இல்லாதவர், இறப்புச் சான்றிதழ்களைத் தம் கைக்காசில் ஒவ்வொன்றாக வாங்கி 796 குழந்தைகளின் பெயர்களைத் தொகுத்தார். புதைத்ததற்கான பதிவு கிடைக்கவில்லை.

2014இல் இது உலகச் செய்தியானது. ‘கழிவுநீர்த் தொட்டியில் 800 குழந்தைகளின் உடல்கள்’ என்று தலைப்பு ஓடியது. அதுவரை ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை. கார்லஸே தாம் அப்படிச் சொல்லவில்லை என்றார். ஏபி செய்தி நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டது: குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவில்லை என்று எழுதியது தவறு, அக்காலத் திருச்சபைப் போதனையே அதை மறுத்தது என்று எழுதியதும் தவறு. இதைப் பிடித்துக்கொண்டு, முழுக் கதையே பொய், கிறிஸ்தவ வெறுப்பு என்று எழுதித் தள்ளியவர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

அரசு ஆணையம் சோதனைக் குழி தோண்டிக் கண்டதை 2017 மார்ச்சில் அறிவித்தது. நிலத்தடி அறைகளில் குறிப்பிடத்தக்க அளவில் மனித எச்சங்கள். கருவில் 35 வாரம் முதல் இரண்டு மூன்று வயது வரையிலான குழந்தைகள். 2021இல் பிரதமரும் போன் செக்கூர் சகோதரிகளும் மன்னிப்புக் கேட்டார்கள். முழு அகழ்வு 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

மிகைப்படுத்திய தலைப்பால் திருச்சபைக்கு நேர்ந்த தீங்கைவிட, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நேர்ந்த தீங்கு பெரிது என்பது என் அனுபவம். மூன்று ஆண்டுகள் அவர்களைப் ‘புரளி கிளப்புகிறவர்கள்’ என்று பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு வாய்ப்புக் கொடுத்தது அவசரப்பட்ட தலைப்பு. என் நோயாளிகளில் வயதான பெண்கள் சிலர் இந்த விஷயம் தொலைக்காட்சியில் வந்தாலே ஒலியைக் குறைக்கச் சொல்வார்கள். அவர்களில் எவரும் ஜெபமாலையை விட்டுவிடவில்லை, செல்வி. அதை நான் யாருக்கும் விளக்கப் போவதில்லை.

---

நெல்லை வக்கீல்

சாந்தி அவர்கள் எழுதியதற்குப் பிறகு சட்டம் பேசுவது வறண்டுபோகும். இருந்தாலும் ஜார்ஜ் பெல் வழக்கைச் சொல்லாமல் இந்த விவாதம் நிறைவு பெறாது.

ஆஸ்திரேலியக் கர்தினால். 1996இல் மெல்போர்ன் பேராலயத்தில் பாடகர் குழுச் சிறுவர்கள் இருவரிடம் அத்துமீறினார் என்று 2018 டிசம்பரில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்ததால் செய்தி வெளியிடத் தடை இருந்தது. பெயரைச் சொல்லாமல் ‘ஒரு பெரிய செய்தியை உங்களுக்குச் சொல்ல விடாமல் தடுக்கிறார்கள்’ என்று பத்திரிகைகள் முதல் பக்கத்தில் முழங்கின. பின்னர் பன்னிரண்டு ஊடக நிறுவனங்களுக்கு மொத்தம் 11 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம். மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று தண்டனை உறுதியானது. 2020 ஏப்ரல் 7 அன்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான ‘உயர் நீதிமன்றத்தின்’ ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தார்கள். அதற்குள் அவர் 400 நாள்களுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார்.

இந்த இடத்தில் இரண்டு தரப்பும் செய்ததைக் கவனியுங்கள். ஒரு தரப்பு, ‘தொழில்நுட்பக் காரணத்தால் தப்பினார்’ என்று எழுதியது. தப்பு. குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்பட்டிருக்கக்கூடிய வாய்ப்பு கணிசமாக இருக்கிறது, ஜூரிகளுக்குச் சந்தேகம் எழுந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சாட்சியங்களை அலசிச் சொன்னது. அது வழக்கின் மையம். மறு தரப்பு, பெல்லைப் புனிதராக்கக் கிளம்பியது. அடுத்த மாதமே அரசு ஆணையத்தின் மறைத்து வைக்கப்பட்ட பக்கங்கள் வெளிவந்தன: 1970களிலேயே குருக்கள் சிறுவர்களிடம் அத்துமீறுவது அவருக்குத் தெரிந்திருந்தது, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பது ஆணையத்தின் முடிவு. அவர் அதை மறுத்தார்.

ஒரே மனிதர். ஒரு கேள்வியில் விடுதலை, இன்னொரு கேள்வியில் கண்டனம். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் தெம்புள்ள பத்திரிகை எத்தனை?

---

எதிர்க்காற்று

வக்கீல் ஐயா, புகார் கொடுத்தவர் பொய் சொன்னார் என்று அந்த ஏழு நீதிபதிகளும் சொல்லவில்லை. அதையும் உங்கள் பத்தியில் சேர்த்திருக்கலாம்.

---

நெல்லை வக்கீல்

சொல்லவில்லை. ஜூரிகள் அவரை நம்பத்தகுந்தவராக ஏற்றார்கள் என்ற அடிப்படையிலிருந்தே தீர்ப்பு தொடங்குகிறது. மற்ற சாட்சிகளின் வாக்குமூலத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது சந்தேகம் மிஞ்சுகிறது என்பதுதான் முடிவு. விடுதலை என்றால் புகார்தாரர் பொய்யர் என்று எழுதுவதும் ஓர் அநீதிதான். நம் ஊரில் அது தினமும் நடக்கிறது.

---

முத்துநகர்ச் செல்வி

நம் ஊர் என்றதும் கேரளம் நினைவுக்கு வருகிறது. 2018இல் ஜலந்தர் ஆயர் பிராங்கோ மீது அருள்சகோதரி ஒருவர் புகார் கொடுத்தார். செப்டம்பரில் ஐந்து கன்னியர்கள் கொச்சியில் உயர் நீதிமன்றத்துக்கு அருகே வெயிலில் அமர்ந்து போராடினார்கள். ஆயர் கைதானார். 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசும் சகோதரியும் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் காலத்தில் எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பாதி ஆயரைப் பற்றி. மீதி அந்தச் சகோதரியைப் பற்றி, அதுவும் எங்கள் ஆட்களே அனுப்பியது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து அவரை இழிவாகப் பேசினார். சகோதரியின் சொந்தத் துறவற சபையே அவர் படத்தோடு அறிக்கை வெளியிட்டு, போலீஸ் வழக்குப் பதிவு செய்யும் நிலைக்குப் போனது. ‘ஊடகம் எங்களை நியாயமாக நடத்தவில்லை’ என்று சொல்லும் அதே வாய்தான் அந்தப் படத்தையும் பரப்பியது.

இதைச் சொல்வதால் நான் முதலில் எழுதியதிலிருந்து பின்வாங்குகிறேன் என்று எதிர்க்காற்று நினைக்க வேண்டாம். சிலுவைப் படம் போடுவது அநியாயம். சகோதரியின் படம் போடுவது அதைவிட அநியாயம்.

---

எதிர்க்காற்று

நினைக்கவில்லை, அக்கா.

---

சாமுவேல் நாசரேத்

கேரளம் என்றால் அருள்சகோதரி அபயாவின் கொலை வழக்கும் உண்டு. 1992 மார்ச்சில் கோட்டயம் மடத்துக் கிணற்றில் அவர் உடல் கிடைத்தது. தற்கொலை என்று முடிக்கப் பார்த்தார்கள். பத்திரிகைகளும் ஒரு சில தனிமனிதர்களும் விடாமல் துரத்தியிருக்காவிட்டால் 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்திருக்காது. 28 ஆண்டுகள். தண்டனை பெற்ற இருவருக்கும் 2022இல் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது, மேல்முறையீடு இருக்கிறது.

ஆனால் அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட சகோதரிக்கு சிபிஐ 2008இல் கன்னித்தன்மைச் சோதனை நடத்தியது. அந்தச் சோதனை பற்றிய பேச்சை மலையாள நாடே வாயில் போட்டு மென்றது. 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட சோதனை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது, பெண்ணின் கண்ணியத்தைச் சிதைப்பது என்று தீர்ப்பளித்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கண்ணியம் உண்டு என்று அன்றைக்கு ஒரு தலையங்கமாவது எழுதப்பட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

---

கொற்கைத்துறை

ஆக எல்லோரும் சேர்ந்து திருச்சபையைத் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். பிரான்சில் 2 லட்சம், 3 லட்சம் என்று வாய்க்கு வந்த எண்ணைப் போட்டார்களே, அதற்கு என்ன பதில்?

---

வைகைக்கரை

நல்ல கேள்வி, உண்மையாகவே. 2021 அக்டோபரில் சோவே ஆணையம் கொடுத்த எண் அது: 1950இலிருந்து குருக்கள், துறவியரால் பாதிக்கப்பட்ட சிறார் சுமார் 216,000, திருச்சபை நிறுவனங்களின் பொதுநிலைப் பணியாளர்களையும் சேர்த்தால் 330,000. ஆணையத்தை அமைத்ததே பிரான்ஸ் ஆயர்கள்தான், எனவே ‘வாய்க்கு வந்த எண்’ என்று விட முடியாது. ஆனால் அது தலைகளை எண்ணிய கணக்கு கிடையாது. 28,000 பேரிடம் நடத்திய ஆய்விலிருந்து மக்கள்தொகைக்கு விரித்துப் பெற்ற மதிப்பீடு. கத்தோலிக்க அறிஞர்கள் சிலர் அந்த முறையைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள், ஆணையம் பதில் சொன்னது. செய்தித் தலைப்புகள் பலவற்றில் ‘மதிப்பீடு’ என்ற சொல் உதிர்ந்துபோய்விட்டது. என் மேசையில் இருந்தால் அதை விட்டிருக்க மாட்டேன். தலைப்பில் இடம் போதாது என்பார்கள். எனக்கும் அந்த நெருக்கடி தெரியும், இருந்தாலும் ஒரு சொல்லுக்கு இடம் கிடைக்கும்.

2018இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி) அறிக்கையும் அப்படித்தான். ஆறு மறைமாவட்டங்கள், 300க்கு மேற்பட்ட குருக்கள், 1,000க்கு மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள். உலகமே அதிர்ந்தது, அதிர வேண்டியதுதான். அந்த 300 பேர் சுமார் எழுபது ஆண்டுகளில் பரவியவர்கள், பலர் இறந்துவிட்டவர்கள், 2002இல் அமெரிக்க ஆயர்கள் விதிகளைக் கடுமையாக்கிய பிறகான நிகழ்வுகள் மிகக் குறைவு என்பது உள்ளே போய்ப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். பீட்டர் ஸ்டைன்ஃபெல்ஸ் என்ற மூத்த பத்திரிகையாளர் அறிக்கையை வரி வரியாகப் படித்து, குற்றங்கள் உண்மை, ஆனால் ஆயர்கள் எல்லோரும் எப்போதும் மூடி மறைத்தார்கள் என்ற முன்னுரையின் வாதத்தை உள்ளே இருக்கும் சான்றுகளே தாங்கவில்லை என்று 2019இல் எழுதினார். நியாயம் என்று நான் சொல்வது இந்த மாதிரி வேலையை. முன்னுரையோடு நிறுத்திக்கொண்ட செய்தியாளர்கள் எத்தனை பேர் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பாஸ்டன் குளோப் வென்றதும் படிப்பால்தான். மறைமாவட்டம் ஆண்டுதோறும் அச்சிட்ட குருக்கள் கையேட்டை எடுத்து, யார் யார் பெயருக்கு நேரே ‘நோய் விடுப்பு’, ‘பணி ஒதுக்கப்படவில்லை’ என்று திடீரெனப் போடப்பட்டிருக்கிறது என்று வரிசையாகக் குறித்தார்கள். திருச்சபை தானே அச்சிட்ட புத்தகம். நீதிமன்றத்துக்குப் போய் முத்திரையிட்ட ஆவணங்களைத் திறக்க வைத்தார்கள். அதனால்தான் அந்த ஆண்டு மட்டும் சுமார் 600 செய்திகள் எழுதியும் ஆர்டிஇ மாதிரி ஒரு நிலைமை அவர்களுக்கு வரவில்லை.

---

நெல்லை வக்கீல்

இன்னொன்று. 2018 டிசம்பரில் வத்திக்கானின் தலைமைச் செயலகத்தாரிடம் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், இந்தக் குற்றவாளிகளை வெளிக்கொணர்ந்து, பாதிக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்கச் செய்த நேர்மையான செய்தியாளர்களுக்கு நன்றி சொன்னார். அதே ஆண்டு ஜனவரியில் ‘அவதூறு’ என்றவர். பதினோரு மாதங்களில் ஒருவர் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். கொற்கைத்துறை அவர்களுக்குச் சதி என்று தோன்றுவது திருத்தந்தைக்கு அப்படித் தோன்றவில்லை.

---

முத்துநகர்ச் செல்வி

எனக்கு ஒரு கேள்வி. 1985இல் லூசியானாவில் கில்பர்ட் கோத் என்ற குருவின் வழக்கை அமெரிக்கா முழுவதும் தெரியச் செய்தது ‘நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்டர்’ என்று படித்தேன். கத்தோலிக்கர்கள் நடத்தும் பத்திரிகை. குளோப்புக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன். ஜேசன் பெர்ரி என்ற கத்தோலிக்கர் உள்ளூர் வார இதழில் எழுதியதை எடுத்து, தன் விசாரணையையும் சேர்த்து வெளியிட்டது.

நம் மறைமாவட்ட இதழ்களைப் புரட்டினால் ஆயரின் பயணம், கொடியேற்றம், நவநாள், குருத்துவ வெள்ளிவிழா. ஒரு குரு இடைநீக்கம் செய்யப்பட்டால் அதை நாங்கள் தொலைக்காட்சியில்தான் தெரிந்துகொள்கிறோம். நம் வீட்டுச் செய்தியை நாமே சொல்லாமல், அடுத்தவர் சொன்ன விதம் சரியில்லை என்று எத்தனை நாள் குறைபட்டுக்கொள்வது? பங்குப் பேரவையில் கேட்கலாம் என்றிருக்கிறேன்: புகார் வந்தால் யாரிடம் சொல்வது, அவர் பெயர் என்ன, தொலைபேசி எண் என்ன என்பதையாவது பங்கு மடலில் மாதாமாதம் அச்சிடுங்கள் என்று.

---

எதிர்க்காற்று

கேளுங்கள் அக்கா. அந்தப் பெயர் இன்னொரு குருவின் பெயராக இருந்தால் மறுபடியும் கேளுங்கள்.

---

நெல்லை வக்கீல்

செல்வி அம்மா, மடலில் அச்சிடும்போது ஒன்றைத் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பங்கிலோ மறைமாவட்டத்திலோ சொல்வதோடு கடமை முடியாது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. வாட்ஸ்அப் குழுவில் படத்தைத் தள்ளிவிடுகிறவர் தமக்கு அது பொருந்தாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். வரைவைத் தயார் செய்து அனுப்பினால் நான் பார்த்துத் தருகிறேன்.

---

முத்துநகர்ச் செல்வி

இந்த ஞாயிறு பேரவைக் கூட்டம் இருக்கிறது, ஐயா. சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன்.